ஐந்து டைரக்டர்களும் பேசாத முகமூடிக்காரனும்

எங்கள் முகமூடிக்காரனைப் படமெடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட எல்லாரும் ஹீரோ யார் என்றுதான் என்னிடம் கேட்டார்கள். டைரக்டர் யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் என்ன சொல்லியிருக்க முடியும்? அந்தச் சமயத்தில் எங்கள் படத்துக்கு ஐந்து டைரக்டர்கள் இருந்தார்கள். ஐவரில் ஒருவருக்கும் கேமரா எந்தப் பக்கம் பார்க்கும் என்பது தெரியாது.

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் டீச்சர். என் தம்பி பூட்டுப் பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் போர்டு எழுதுகிறவன். ஊரிலேயே அச்சாகிற ஒரு சிறுவர் மாத இதழில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு சித்திரக்கதை போட்டு வந்தோம். கதை என்னுடையது, படம் அவனுடையது. பகலில் பூட்டுப் பட்டறையில் அரம் பிடிக்கிற ஒருவன், யாருக்காவது ஆபத்து என்றால் முகமூடி போட்டுக்கொண்டு மலைக்கோட்டைப் பாறையிலிருந்து ஊருக்குள் குதிப்பான். பாரம் ஏற்றிய மாட்டுவண்டியை ஒற்றைத் தோளில் தூக்குவான். அவன் கை பட்டால் எந்தப் பூட்டும் திறந்துகொள்ளும். பட்டறையில் அவனுக்குப் பேச்சுத் திக்கும், கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள். முகமூடி போட்ட பிறகு அவன் ஒரு வார்த்தைகூடப் பேசமாட்டான். மற்றவர்கள் பேசுவதெல்லாம் தலைக்கு மேலே ஒரு வட்டத்துக்குள் எழுதியிருக்கும். அவனுக்கு மட்டும் வட்டம் கிடையாது.

அவனைப் பேசாதவனாக ஆக்கியது நான். காரணம் என் தம்பி. அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே திக்குவாய். கொத்தமல்லி வாங்கப் போனால் கொத்தவரங்காயோடு திரும்பி வருவான். 'கொத்' என்பதைத் தாண்டி அவன் போவதற்குள் கடைக்காரர் காகிதத்தில் மடித்துக் கையில் கொடுத்துவிடுவார். இல்லை என்று சொல்வதற்கு அதைவிட அதிக நேரமாகும் என்பதால் அவனும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவான். அந்தக் காயைச் சமைத்துச் சமைத்து எனக்கு அதன் பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். பிறகு நானே கூடப் போக ஆரம்பித்தேன். அவன் ஆரம்பிப்பதை நான் முடித்துவைப்பேன்.

கதையிலாவது ஒருவன் வாயைத் திறக்காமலேயே ஊரை மதிக்க வைக்கட்டும் என்று நினைத்தேன். ஆகவே படம் என்ற பேச்சு வந்ததும் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். முகமூடி போட்ட பிறகு அவன் பேசக்கூடாது. பேசினால் என் தம்பியைக் கேலி செய்த அத்தனை பேரும் ஜெயித்த மாதிரி எனக்கு இருக்கும். வேறு எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளட்டும், இதை மட்டும் விடமாட்டேன் என்று இருந்தேன்.

படமெடுக்கக் கிளம்பியவர் ஒரு வெங்காய மண்டிக்காரர். அவருடைய மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் மாதாமாதம் அந்த இதழை வாங்கி, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் சுற்றி நின்று கேட்பார்களாம். லாரி வந்து நின்றால்கூட நகரமாட்டார்களாம். முதலில் அவர்களைத் திட்டியவர், பிறகு தானும் நின்று கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு நேரே என் பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிட்டார்.

"டீச்சர், ஒங்க முகமூடிப் பயல நான் படமா எடுக்கப் போறேன். ஒங்களுக்கும் தம்பிக்கும் சம்மதந்தானே?" என்றார்.

"அவன் பேசக்கூடாது அண்ணாச்சி. அதுக்குச் சம்மதம்னா எங்களுக்கும் சம்மதம்."

"அதையெல்லாம் டைரக்டரு பாத்துக்குவாரு" என்றார் அவர். அன்றைக்கு அது எனக்கு நியாயமான பதிலாகத்தான் பட்டது.

ஒருவராக எடுக்க முடியாத காரியம் என்பதால் மண்டிக்காரர் இன்னும் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டார். ஒரு பூட்டுப் பட்டறை முதலாளி, பாலசமுத்திரத்துத் தென்னந்தோப்புக்காரர், வேடசந்தூர்ப் பக்கத்து மில்களுக்குத் தரகு பார்க்கிற நூல் ஏஜெண்டு, அப்புறம் யார் எது சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டுகிற ஒரு புகையிலை வியாபாரி. மதுரையிலிருந்து வந்த ஆடிட்டர் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியைப் பதிவு செய்து கொடுத்தார். கம்பெனி என்றால் அதில் இருக்கிறவர்கள் டைரக்டர்கள். காகிதத்தில் அப்படித்தான் அச்சடித்திருந்தது. ஐந்து பேருக்கும் ரப்பர் ஸ்டாம்பு வந்தது.

இங்கேதான் என் கஷ்டகாலம் ஆரம்பித்தது. சினிமாவுக்கு டைரக்டர்தான் எல்லாம் என்பது ஐவருக்கும் தெரியும். தாங்கள் டைரக்டர் என்பதும் தெரியும். இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டார்கள். தென்னந்தோப்புக்காரர் தன் வீட்டு வாசலில் மாட்டுவதற்கு 'சினிமா டைரக்டர்' என்று ஒரு போர்டு எழுதித் தரும்படி என் தம்பியிடமே கேட்டார். அவனும் சிவப்பு எழுத்துக்கு மஞ்சள் நிழல் வைத்து அழகாக எழுதிக் கொடுத்துவிட்டான். ஏண்டா எழுதினாய் என்று கத்தினேன். அவன் சிரித்தான். அவனுக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது, எனக்குத்தான் தலைவலி.

பூட்டுப் பட்டறை முதலாளியின் தொல்லை வேறு விதம்.

"தொட்டதும் பூட்டு தெறக்குதுன்னு காட்டுனா எவன் டீச்சர் திண்டுக்கல் பூட்டு வாங்குவான்? என் பொழப்புல நானே மண்ண அள்ளிப் போடவா?"

"அது அவனோட சக்திங்க. கதையே அதுதான்."

"வெளியூர்ப் பூட்டத் தெறக்கட்டும். நம்மூர்ப் பூட்டுன்னா அவனாலயும் முடியல, வேர்த்து விறுவிறுத்து நிக்கிறான்னு ஒரு சீன் வைங்க."

நான் ஆடிட்டரிடம் போய், ஐயா, இந்த டைரக்டர் வேறு, அந்த டைரக்டர் வேறு என்று தயவுசெய்து இவர்களுக்குச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அவர் வந்து சட்டம் எல்லாம் எடுத்துச் சொன்னார். ஐவரும் பொறுமையாகக் கேட்டார்கள். முடிவில் மண்டிக்காரர், "அப்ப மதராஸ்லருந்து ஒரு ஆளக் கொண்டாருவோம். எங்க அஞ்சு பேருக்கும் கீழ அவரு டைரக்டரா இருக்கட்டும்" என்றார். ஆடிட்டர் அடுத்த பஸ்ஸில் மதுரைக்குப் போய்விட்டார்.

அப்படித்தான் ஆள் பார்க்கும் படலம் தொடங்கியது. பெண் பார்க்கிற மாதிரியேதான். மண்டியின் மாடியில் ஜமுக்காளம் விரித்து, பலகாரம் வைத்து, வருகிறவரை நடுவில் உட்கார வைத்து ஐந்து பேரும் சுற்றி உட்காருவார்கள். நானும் தம்பியும் ஓரத்தில். கீழேயிருந்து வெங்காய வாடை ஏறி வரும். வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே கதை கேட்டார்கள். கதை உருக்கமாக இருப்பதாக நூல் ஏஜெண்டு அதை எடுத்துக்கொண்டார்.

முதலில் வந்தவர் புராணப் படங்கள் எடுத்துப் பழகியவர். முகமூடிக்காரனுக்குச் சக்தி எங்கிருந்து வந்தது என்று கேட்டார். எங்கிருந்தும் வரவில்லை, இருக்கிறது, அவ்வளவுதான் என்றேன். அப்படி இருக்கவே முடியாது, பழனி மலையில் தாய் மண்சோறு சாப்பிட்டுப் பெற்ற பிள்ளையாக வைத்துக்கொள்ளலாம் என்றார். முகமூடியும் வேண்டாம், நெற்றியில் திருநீறு பூசினால் போதும், எதிரிகளுக்கு ஆளே அடையாளம் தெரியாமல் போய்விடும் என்றார். முருகன் வந்து பாட்டுப் பாடுவார் என்று சொல்லும்போது தென்னந்தோப்புக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். நல்ல வேளையாக, சென்ற முறை அவர் எடுத்த புராணப் படம் எங்கே ஓடியது என்று மண்டிக்காரர் கேட்டார். அதற்கு அவர் முருகனைப் பற்றியே இன்னும் கொஞ்ச நேரம் பேசினார்.

இரண்டாமவர் நாடகக் கம்பெனியிலிருந்து சினிமாவுக்குப் போனவர். ஆள் சின்ன உருவம், குரல் மாடிப்படி வழியாக இறங்கித் தெருவுக்குப் போகும். கதையைப் பாதி கேட்டதுமே எழுந்து நின்றுவிட்டார். முகமூடிக்காரன் பிடிபடுகிறான், கோர்ட்டில் நிறுத்துகிறார்கள், நீதிபதி கேட்கிறார் என்று ஆரம்பித்தவர், நீதிபதியாகவும் குற்றவாளியாகவும் தானே மாறிப் பேசித் தள்ளினார். மூட்டை தூக்குகிறவர்கள் படியில் ஏறி வந்து நின்று கேட்டார்கள். ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்தார். அது வெங்காயத்தால் வந்த கண்ணீர் இல்லை என்பது எனக்கே தெரிந்தது. அதனால் எரிச்சல் இன்னும் கூடியது.

"சார், அவன் பேசமாட்டான்" என்றேன்.

"பேசாட்டா அவன் எதுக்கும்மா ஹீரோ?" என்றார் அவர். பிறகு தம்பி பக்கம் திரும்பி, "படம் வரையறது தம்பிதானா? எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார்.

தம்பி வாயைத் திறந்து முதல் எழுத்தில் நின்றான். அவர் காத்திருக்கவில்லை. "தானாவே வந்திருக்கும். இதெல்லாம் பிறவியில வர்றது" என்று அவரே முடித்துவிட்டார். எனக்கு அவரைக் கண்டாலே ஆகாமல் போனது அந்த நிமிஷத்திலிருந்துதான்.

மூன்றாமவர் இளவயதுக்காரர். பெரிய டைரக்டர்களிடம் உதவியாளராக இருந்தவர், தனியாகப் படம் எடுத்ததில்லை. பலகாரத்தைத் தொடவில்லை. தம்பி வரைந்த பக்கங்களை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, "பாறையிலேருந்து குதிக்கிறப்ப இவர் முதல்ல எந்தக் கால ஊன்றாரு?" என்று தம்பியைக் கேட்டார். இப்படி ஒரு கேள்வியை எங்களிடம் யாருமே கேட்டதில்லை. தம்பி பதில் சொல்ல ஆரம்பித்தான். வழக்கம்போல நான் முடித்துவைக்கப் போனேன்.

"இருங்க டீச்சர், அவர் சொல்லட்டும்" என்றார் அவர்.

காபி ஆறி ஆடை கட்டிப்போனது. நூல் ஏஜெண்டு இரண்டு தடவை கொட்டாவி விட்டார். அந்த மனிதர் அசையாமல் உட்கார்ந்து கேட்டார். தம்பி சொல்லி முடித்ததும், "அப்ப கேமராவக் கீழ வைக்கணும்" என்றார். அதற்குப் பிறகு நான் என் நிபந்தனையைச் சொன்னேன். "பேசவே வேண்டாம் டீச்சர். பேசாம இருக்கறதுதான் இந்தக் கேரக்டரோட அழகே" என்று உடனே ஒப்புக்கொண்டார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவர்தான் டைரக்டர், வேறு பேச்சே இல்லை என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் என் முடிவை யார் கேட்டார்கள்?

"ஏனுங் டீச்சர், படம்னாப் பேசோணுமுங்க" என்றார் தென்னந்தோப்புக்காரர். "பேசாத படத்தையெல்லாம் எங்கப்பன் காலத்துலயே பாத்து முடிச்சாச்சுங்க."

"பேசாட்டி சனங்களுக்கு எப்பிடிப் புரியும்?" என்றார் பூட்டுப் பட்டறைக்காரர்.

மூன்றாமவர் கீழே காத்திருக்க, டைரக்டர் யார் என்று அங்கேயே முடிவு செய்ய உட்கார்ந்தார்கள். எப்படி முடிவு செய்தார்கள் என்பதையும் சொல்கிறேன். மண்டியில் விலை பேசும்போது வாயால் சொல்வதில்லை. இருவர் கையும் ஒரு துண்டுக்குள் போகும், உள்ளே விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். சுற்றி நிற்கிற யாருக்கும் தெரியாது. மண்டிக்காரருக்கு அதுதான் பழக்கம். புராணக்காரருக்கு ஒரு விரல், வசனக்காரருக்கு இரண்டு, கடைசி ஆளுக்கு மூன்று என்று சொல்லிவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒவ்வொருவர் கைமேலும் போட்டு உள்ளே விரலைப் பிடித்துக்கொண்டு போனார்.

என்னால் பொறுக்க முடியவில்லை.

"அண்ணாச்சி, வாயத் தொறக்காமலேயே இம்புட்டையும் பேசி முடிக்கிறீங்க. முகமூடிக்காரன் பேசாட்டி மட்டும் புரியாதா?"

"இது ஏவாரம் டீச்சர். அது சினிமா" என்றார் அவர், துண்டை எடுக்காமலேயே.

பிறகு தன் விரலையும் சேர்த்துக் கணக்குச் சொன்னார்: புராணக்காரருக்கு ஒருவர், வசனக்காரருக்கு இருவர், கடைசி ஆளுக்கு இருவர். எனக்கே ஆச்சரியம். தலையை ஆட்டுகிற புகையிலைக்காரர் மூன்று விரல் பிடித்திருக்கிறார் என்று பிற்பாடு தெரிந்தது. இன்னொருவர் யார் என்று இன்றுவரை தெரியாது. மண்டிக்காரர் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு, "பயலுக்கு உருவம் குடுத்தது தம்பி. தம்பியையும் ஒரு வார்த்த கேட்டுருவோம்" என்று எழுந்து அவனிடம் வந்தார். "தம்பி, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். செரமப்படாம வெரல மட்டும் புடிங்க" என்று துண்டை அவன் கைமேல் போட்டார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். எத்தனை விரல் என்பது எனக்குத் தெரியும்.

தம்பி துண்டை எடுத்து மடித்து மண்டிக்காரர் கையிலேயே கொடுத்தான்.

"ரெ... ரெ..." என்றான்.

நான் முடித்துவைக்கவில்லை. முடித்துவைக்க என்னிடம் இருந்தது 'மூணு' மட்டும்தான்.

"ரெண்டாவது ஆளு."

"உனக்குப் பைத்தியமா? அந்த ஆளு அவனப் பேச வச்சிருவாருடா" என்றேன்.

"பே... பேசட்டும்க்கா."

அவன் அதற்குப் பிறகு சொன்னது வெகுநேரம் பிடித்தது. அவன் நின்ற இடங்களையும் திரும்பத் திரும்ப மோதிய எழுத்துகளையும் விட்டுவிட்டு எழுதுகிறேன். "மொகமூடி போட்டா அவனுக்குத் திக்கக் கூடாதுக்கா. பூட்டத் தெறக்குறதா பெருசு? பேசுறதுதான் அவனுக்குச் சக்தி. நான் ஒவ்வொரு படத்துலயும் அவன் தலைக்கு மேல வட்டத்துக்கு எடம் விட்டுத்தான் வரையிறேன். நீதான் ஒண்ணும் எழுதல. அந்தக் கடைசி ஆளு நல்லவருதான். ஒன்னைய மாதிரி எரக்கப்படுறாரு. எனக்கு அது வேணாம்."

எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல. யாருக்காக நான் ஐந்து டைரக்டர்களோடும் மல்லுக்கட்டினேன்? யாருக்காக ஆடிட்டர் காலில் விழாத குறையாக நின்றேன்? இதை முன்பே ஒரு நாள் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கேட்டேன். அவன் சொல்ல ஆரம்பித்தான். கடைத்தெரு முழுதும் நடந்து முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு கேட்டேன். பல தடவை ஆரம்பித்தானாம், நான் ஒவ்வொரு தடவையும் வேறு என்னவோ சொல்லி முடித்துவிட்டேனாம்.

படத்தை இரண்டாமவர்தான் எடுத்தார். மோசமான படம். இதை எந்த மேடையிலும் சொல்வேன். முகமூடிக்காரன் எடுத்ததற்கெல்லாம் பேசினான். வண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே மாட்டுக்குப் புத்தி சொன்னான். எல்லாப் பூட்டும் திறந்தது, ஒரு பூட்டு மட்டும் திறக்கவில்லை, அதில் பட்டறையின் பெயர் திரை முழுக்கத் தெரிந்தது. டைட்டிலில் இரண்டாமவர் பெயருக்கு முன்னால் ஐந்து பெயர்கள் டைரக்டர் என்று ஓடின. மதுரையில் வந்த சுவடு தெரியாமல் தியேட்டரிலிருந்து தூக்கிவிட்டார்கள். திண்டுக்கல்லில் மட்டும் ஒரு வாரம் தாக்குப்பிடித்தது, அதுவும் மண்டிக்காரர் தன் ஆட்களைத் தினமும் அனுப்பி வைத்ததால்.

தம்பி அந்த வாரம் முழுவதும் பகல் காட்சிக்குப் போனான். நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும், வேண்டா வெறுப்பாக, அவன் கூடப் போனேன். கோர்ட் காட்சி வந்தது. முகமூடிக்காரன் கூண்டில் ஏறி நின்று ஆரம்பித்தான். பக்கத்தில் இன்னொரு குரலும் ஆரம்பித்தது. பாட்டுப் பாடும்போது தம்பிக்குத் திக்காது என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். இன்னொரு குரலோடு சேர்ந்தால் வசனமும் வரும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவன் திரையைப் பார்த்தபடி, முகமூடிக்காரனோடு சேர்ந்து, ஒரு எழுத்தில்கூட நிற்காமல் பேசிக்கொண்டிருந்தான். வரவர அவன் குரல் உயர்ந்தது.

முன்வரிசையிலிருந்த ஒரு ஆள் திரும்பினார். "ஏலே, செத்த நேரம் வாய மூடிக்கிட்டு இரேன். படம் பாக்க வேணாமா?"

"அவன் பேசுவான்" என்றேன் நான். "நீங்க அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க."

தம்பிக்கு நாங்கள் இருவரும் பேசியது காதில் விழவில்லை. நீதிபதிக்குச் சொல்ல வேண்டியது அவனிடம் இன்னும் நிறைய இருந்தது.